நின்று நின்று நடந்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தத் தபால்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் அவர் நின்றதைத்தான் முதலில் சொல்வார்கள். நடந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். இத்தனைக்கும் ஸ்பிரிங்வெளி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கீழ் லயம், கோயிலடி, கடையடி, நடு லயம், கடைசியாக எங்கள் வீட்டு வரிசையான மேல் லயம் என்று அத்தனை ஏற்றத்தையும் தினமும் காலால் ஏறியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் நாலு பேர் சேர்ந்தால் த்ரீவீலர் பிடித்துவிடுவார்கள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். சட்டை பழசாக இருந்தாலும் தேய்த்துப் போட்டிருப்பார். காலில் போடும் சப்பாத்தை மட்டும் அப்படிப் பளபளவென்று வைத்திருப்பார். மழைநாளில் மேலே வந்து சேரும்போது அது சேறாகியிருக்கும். மலை ஊற்றிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீரில் ஒரு சிரட்டை மொண்டு ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் லயத்துக்குள் கால் வைப்பார். சொந்த ஊர் லுணுகலைப் பக்கம். இந்த வேலைக்காக மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிவந்து கீழே ரோட்டோரத்தில் வாடகைக்கு இருந்தார்.

அவர் நிற்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு இருக்கும். பையைத் திறந்து கடிதக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். அப்படியே திரும்பக் கட்டி உள்ளே வைப்பார். சப்பாத்துக்குள் கல் இருக்கிற மாதிரி குனிந்து விரலை விட்டுத் துழாவுவார், கல் வராது. மதிலில் ஒட்டியிருக்கும் பழைய தேர்தல் நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படிப்பார். யாராவது பெண்கள் கொழுந்துக் கூடையோடு அந்த வழியாகப் போனால், "இந்தப் பூசணிக் கொடி போன வாரம் இங்கனதானே கெடந்துச்சு?" என்று கேட்பார். "பூசணி அங்கனயேதான் கெடக்கு, நீங்கதான் வேற எடத்துல நிக்கிறீங்க" என்று அவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அப்புறம் யாரோ பின்னாலிருந்து தட்டிவிட்ட மாதிரி மறுபடி நடப்பார்.

சின்னப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். தபால்காரர் விளையாட்டு. தோளில் ஒரு சாக்குப் பையை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்துவந்து சட்டென்று நிற்க வேண்டும். முதலில் அசைகிறவன் தோற்றான். ஒருநாள் அவரே அதைப் பார்த்துவிட்டார். பிள்ளைகள் ஓடப் பார்த்தார்கள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஒருத்தனும் சரியா நிக்கலையேடா. ஒடம்பு பூராவும் இந்தப் பக்கத்துக் காலுல இருக்கணும். அந்தக் கால் சும்மா தரையத் தொடணும், அவ்ளோதான்" என்று சொல்லி நின்று காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். வாசலில் தலை காயவைத்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் அவருக்கு எப்போதும் பிளேன்டீ உண்டு. கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து அம்மா வராத நாளில் நான் ஊற்றிக் கொடுப்பேன். என்ன சொன்னாலும் உட்கார மாட்டார். "ஒக்காருங்க தம்பி, கால் நோவும்ல" என்று அம்மா பலகையை இழுத்துப் போடுவார். "ஒக்காந்தா எந்திரிக்க மனசு வராதுக்கா" என்று நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார். வங்கியிலிருந்து வருகிற கடிதம், ஈ.பி.எஃப். கடிதம், கோர்ட்டுக் கடிதம் எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குப் படித்துச் சொல்வார். நல்ல செய்தி என்றால் ஒரு தடவை. கெட்ட செய்தி என்றால் இரண்டு தடவை, மெதுவாக.

வந்த புதிதில் அவர் கோயிலடியிலேயே நின்றுவிடுவார். அங்கே ஒன்று, கடையடியில் ஒன்று, நடு லயத்துப் படிக்கட்டில் ஒன்று என்று நின்று நின்று ஏறிவருவார். ஒரு வருஷம் போனதும் கோயிலடியில் நிற்பது இல்லாமல் போனது. பிறகு கடையடியிலும் நிற்பதில்லை. இரண்டாம் வருஷம் முடியும்போது ஒரே ஓர் இடத்தில்தான் நின்றார். அது எங்கள் வீட்டுக்குக் கீழே, பாதை செங்குத்தாகத் திரும்புகிற முடக்கில். அந்த முடக்கிலிருந்து பார்த்தால் பீலி தெரியும். மேல் லயத்துப் பெண்கள் எல்லோரும் குளிப்பது அங்கேதான்.

பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. ஏன் கோயிலடியில் நின்றவர் இங்கே நிற்கிறார்? ஏன் சரியாகப் பதினொரு மணிக்கு? யார் முதலில் கேட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்ட பிறகு யாராலும் அதை மறக்க முடியவில்லை. குறுக்குக் கட்டோடு துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது கீழே முடக்கில் ஒரு மனிதர் நிற்கிறார் என்றால் உடம்பு கூசத்தான் செய்யும். எனக்கும் கூசியது. அதைப் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அதே நேரத்தில் இன்னொன்றும் எனக்குத் தெரியும். அவர் அந்த இடத்தில் நின்ற ஒவ்வொரு நாளும் பீலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். முகம் கீழே, பள்ளத்தில் இருக்கிற தேயிலையைப் பார்த்திருக்கும். கை, பாதையோரத்து மரத்தைப் பிடித்திருக்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல.

நான் அப்போது ஏ.எல். பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேறும் வந்து, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் லயத்தில் விஞ்ஞானம் படித்த முதல் பெண் நான். அம்மா மலையில் நிற்கும்போதெல்லாம் என் நேர்முகப் பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். தினமும் தபால்காரர் வருகிற நேரம் பார்த்து நான் வாசலில் நிற்பேன். தூரத்திலேயே கையை விரித்து "இன்னைக்கு இல்லம்மா" என்று காட்டுவார்.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. திங்கட்கிழமை முழுக்க அடைமழை. அன்றைக்கு அவர் நடு லயம் வரைக்கும் வந்து, அதற்கு மேல் ஏறாமல் திரும்பிவிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கடிதத்தை என் கையில் கொடுத்தார். பிரித்தேன். கொழும்பில் நேர்முகப் பரீட்சை. அதே செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி.

திங்கட்கிழமை கிடைத்திருந்தால் இரவு பஸ்ஸில் போயிருப்பேன்.

நான் அழுத சத்தம் கேட்டு, அடுத்த வீட்டுக்குப் போகத் திரும்பியவர் நின்றார். "என்னாம்மா? கெட்ட செய்தியா? குடு, நான் படிக்கிறேன்" என்று கையை நீட்டினார். கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டித் திகதியைக் காட்டினேன். அவர் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"நேத்து வழுக்கலா இருந்திச்சும்மா..."

"ஒங்களால நடக்க முடியாட்டி வேலைய விட்டுட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதானே! எதுக்கு நின்னு நின்னு வந்து எங்க உசுர எடுக்கிறீங்க?"

லயத்தில் எல்லாக் கதவும் திறந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நடக்கணும்னுதான் நிக்கிறேன்ம்மா" என்றார். எனக்கு அது திமிர்ப் பேச்சாகப் பட்டது. கதவை அடித்துச் சாத்தினேன்.

அன்று சாயந்திரமே அம்மா என்னைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தலைவர் கெட்டவர் இல்லை. தோட்டத்தில் என்ன குறை என்றாலும் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிப் பெட்டிசம் எழுதி அனுப்புகிறவர். எழுத்து அழகாக இருக்கும் என்று எப்போதும் என்னைத்தான் எழுதச் சொல்வார். அன்றைக்கும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடிதங்கள் பிந்துகின்றன. சரி. பாதையில் நின்று நேரத்தை வீணாக்குகிறார். சரி. அப்புறம் தலைவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பீலிக்கிட்ட நிக்கிறதப் பத்தி நெறையப் பேர் சொல்றாங்க. ஒங்க வீட்டுக்குக் கீழதான் நிக்கிறாராம். நீ சொல்லும்மா. பொம்பளைங்க குளிக்கிறதப் பாக்கிறாரா?"

"நிப்பாரு" என்றேன்.

"நிக்கிறது எல்லாருக்கும் தெரியும். பாக்கிறாரா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பெண் பிள்ளை தலையைக் குனிந்தால் என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தலைவர், "சரி, எழுது" என்றார். "பெண்கள் குளிக்கும் இடத்தில் தினமும் நின்று..." என்று அவர் சொன்னதை நான் எழுதினேன். பேனா ஓர் இடத்தில் நின்றது. "ஏம்மா நிப்பாட்டிட்டே?" என்றார். "மை இறங்கல" என்று சொல்லிப் பேனாவை உதறிவிட்டு மிச்சத்தையும் எழுதினேன். முதல் கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

ஒரு மாதத்துக்குள் அவரைப் பதுளை டவுனில் ஒரு தபால் கந்தோருக்கு மாற்றிவிட்டார்கள். விசாரணை அது இது என்று ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை. எங்களுக்கு மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வந்தார். அவர் எங்கேயும் நிற்கவில்லை. மேல் லயத்துக்கும் வரவில்லை. கடிதங்களை மொத்தமாகக் கடையடியில் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் நான் மறுபடி விண்ணப்பித்தேன். பதிவுத் தபாலில் போட வேண்டும் என்று டவுனுக்குப் போனேன். வேண்டுமென்று அந்தக் கந்தோருக்குப் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் அதுதான் பக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மேல் லயத்துப் புள்ள! மறுபடி போடுறியாம்மா? போடு, போடு. இந்தத் தடவ நானே என் கையால பையில போடுறேன்."

"எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா இருக்கேன். ஒக்காந்த எடத்துல வேல. மழை இல்ல, அட்டை இல்ல."

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நல்லதுதான் நடந்திருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பதிவுப் பத்திரத்தை எடுக்க அவர் எழுந்து உள்ளே போனார். பத்து அடி இருக்காது. திரும்பி வரும்போது பத்திரங்கள் அடுக்கியிருந்த இராக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மிச்சச் சில்லறையை எண்ணுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.

அந்த விண்ணப்பத்தில்தான் எனக்குப் பயிற்சி கிடைத்தது.

பயிற்சி முடிந்து, மொனராகலையில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு மாற்றம் கேட்டுப் பதுளைக்கு வந்தேன். சத்திரசிகிச்சை கிளினிக்கிலும் அதன் வார்ட்டிலும் வேலை. அங்கே டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. ஒருநாள் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு கொழுந்து நிறுக்கிறவர் வந்திருந்தார். ஐம்பது வயது. ஏற்றம் ஏறினால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி வருகிறது என்றார். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் பேனாவால் கோடு கிழித்துக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். நான் பெயர்த்துச் சொன்னேன்.

"காலுக்குப் போற பெரிய ரத்தக் குழாய் ஓர் எடத்துல அடைச்சிருக்கு. ஆனா அதுக்குப் பக்கத்துலயே மயிர் மாதிரி சின்னச் சின்னக் குழாய் நெறைய இருக்கு. நீங்க நடக்கும்போது கால் ரத்தம் கேக்கும். பெரிய வழி இல்லாததால ரத்தம் அந்தச் சின்னக் குழாய் வழியா வேகமாப் பாயும். பாயும்போது குழாயோட சுவரை ஒரசிக்கிட்டுப் போகும். அந்த ஒரசல் படப் பட அந்தச் சுவர் வளரும், குழாய் அகலமாகும். நாள்பட அதுவே ஒரு வழியாகிரும். ரத்தம் வேகமாப் பாயாட்டி அது வளராது."

"அப்ப நான் என்னா செய்யணும் மிஸ்?"

"வலிக்கிற வரைக்கும் நடக்கணும். நல்லா வலிச்சதும் நிக்கணும். ஒக்காரத் தேவையில்ல. வலி போனதும் மறுபடி நடக்கணும். தெனமும். மொதல்ல கொஞ்ச தூரத்துலயே வலி வரும். போகப் போக வலி வர்ற எடம் தள்ளித் தள்ளி..."

அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த மனிதரும் பார்த்தார். என் கண்ணுக்கு முன்னால் கோயிலடி வந்தது. கடையடி வந்தது. நடு லயத்துப் படிக்கட்டு வந்தது. அப்புறம் எங்கள் வீட்டுக்குக் கீழே அந்த முடக்கு. கால் தேறித் தேறி ஒரு மனிதர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். நாங்கள் பெட்டிசம் எழுதினோம்.

"பாதையில நின்னுக்கிட்டு இருந்தா சனங்க என்னமாச்சும் நெனைப்பாங்களே மிஸ்" என்றார் அவர்.

"சொல்லிருங்க" என்றேன். "கால்ல வருத்தம் இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. மறைக்காதீங்க." என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தலையாட்டினார்.

அடுத்த லீவு நாளில் தபால்காரரைத் தேடிப் போக வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கந்தோர் கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்த லீவில் போகவில்லை. அதற்கடுத்த லீவில் வாசல் வரைக்கும் போனேன், உள்ளே கூட்டமாக இருந்தது, திரும்பிவிட்டேன். கூட்டம் ஒரு சாக்கு. என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் சொல்லாமலிருந்தால் யாருக்கும் தெரியாது என்றும் ஒரு நினைப்பு இருந்தது. அப்படி நாலு மாதம் போனது.

பிறகு அவரே வந்தார். தள்ளுநாற்காலியில். இடது காலில் பெருவிரல் கறுத்துப்போய், கறுப்பு மேலே ஏறியிருந்தது. சப்பாத்து கடித்த சின்னக் காயம்தானாம். யாரிடமும் காட்டாமல் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை.

என்னை அடையாளம் கண்டதும் அந்த வலியிலும் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "இந்த மிஸ் எங்க தோட்டத்துப் புள்ள. இவங்க அப்ளிகேசன நான்தான் பையில போட்டேன்" என்று சொன்னார்.

"மிஸ்னு சொல்லாதீங்கண்ணே."

"மிஸ்ஸ மிஸ்னுதானே சொல்லணும்."

நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அந்த நடையை விடாமல் இருந்திருந்தால் கால் தப்பியிருக்குமா? அவர் யோசித்துவிட்டு, அப்படிச் சொல்ல முடியாது என்றார். இவருக்கு இப்போது சீனி வருத்தமும் இருக்கிறது. விட்டிருந்த சிகரெட்டை உட்கார்ந்த வேலைக்குப் போன பிறகு மறுபடி தொட்டிருக்கிறார். காயத்தை மறைத்திருக்கிறார். நடந்திருந்தால் ஒருவேளை. அவ்வளவுதான் அவர் சொன்னார். அந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஐந்தாம் நாள், காயத்துக்கு மருந்து கட்டும்போது சொல்லிவிட்டேன். "அண்ணே, அந்தப் பெட்டிசம்... அத எழுதுனது நான்."

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "கந்தோர்ல கூப்பிட்டுக் காட்டினாங்க. மேல் லயத்துல ஒங்க எழுத்து யாருக்கு இருக்கு? எத்தன கவர் பாத்திருக்கேன்."

"தெரிஞ்சுமா அன்னைக்கு என் அப்ளிகேசன..."

"அது வேற, இது வேற மிஸ். கடிதம் பிந்துனது என் தப்பு. அதுல நீங்க எழுதுனது சரி." போர்வை ஓரத்தை இழுத்துவிட்டார். "மத்ததுதான். அத என் புள்ளைங்க காதுலயும் போட்டுட்டாங்க. மூத்தது ரெண்டு நாள் எனக்குச் சோறு போடல."

நான் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். தேவைக்கு மேல் சுற்றிவிட்டேன்.

"ஏண்ணே ஒருத்தர்கிட்டயும் சொல்லல? வருத்தம்னு சொல்லிருந்தா..."

"சொல்லிருந்தா நடக்க முடியாத ஆளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. அப்பிடித்தான் பயந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னாரு, அரசாங்கம் நடக்கிறதுக்குச் சம்பளமும் குடுக்குது, எனக்கு இதவிட என்னா வேணும்னு இருந்தேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "மொதல்ல கோயிலடிக்கு வர்றதுக்குள்ளயே உசுர் போகும் மிஸ். அப்புறம் கடையடி. ஒங்க முடக்கு வரைக்கும் நிக்காம வந்த அன்னைக்கு எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்திச்சு. பிளேன்டீ குடுத்தீங்க. சொல்லலாம்னு பாத்தேன். சொல்லல."

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மருந்தின் தூக்கமா, பேச விருப்பமில்லையா தெரியவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை.

வீட்டுக்குப் போகிற நாளில் அவர் தன் வலது காலை நீட்டி, "இது எப்படி இருக்கு, பாருங்க மிஸ்" என்றார். பாதத்தின் மேலே விரலை வைத்து நாடி பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது என்று சொல்ல வாய் வந்தது. "கைக்குக் கெடைக்கலண்ணே, மிஷின் வச்சுப் பாக்கிறேன்" என்று சொல்லி, சத்தம் கேட்கிற அந்தச் சின்னக் கருவியைக் கொண்டுவந்து வைத்தேன். சரசரவென்று மெல்லிய சத்தம் வந்தது. தூரத்தில் தண்ணீர் போகிற மாதிரி.

"இவ்ளோதானா?"

"இப்போதைக்கு இவ்ளோதான். நடந்தா கூடும்."

"அப்ப நடக்கணும்" என்றார். குனிந்து இரண்டு கால்களும் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். நான் போய் ஊன்றுகோல்களை எடுத்துவந்தேன்.

அவர் குடும்பத்தோடு லுணுகலைக்கே போய்விட்டார். இரண்டு தடவை கிளினிக்குக்கு வந்தார். மூன்றாவது தடவை அவருடைய மனைவி மட்டும் வந்தார். கையில் அந்த ஊன்றுகோல்கள். மாரடைப்பாம், அவர் தவறி ஒரு மாதம் ஆகிறதாம். "ஆஸ்பத்திரிச் சாமான், வேற யாருக்காச்சும் ஆகும்" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். விடிஞ்சா போதும், வாசல்ல இந்தக் கோல வச்சுக்கிட்டு நடப்பாரு. நடக்கச் சொல்லியிருக்காங்க, நடந்தா நல்லதுன்னு சொல்வாரு. ஒத்தக் கால வச்சிருக்கிற மனுசன நடக்கச் சொல்லி எந்த டாக்டர் சொல்லுவாங்க? எனக்கு நம்பிக்க இல்ல. மழைக் காலத்துல வாசலெல்லாம் பாசி. விழுந்துருவாருன்னு ரெண்டு மாசம் கோல ஒளிச்சு வச்சுட்டேன். சத்தம் போட்டாரு. குடுக்கல." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் உண்மையாவே சொன்னாங்களா?"

"சொன்னாங்கக்கா" என்றேன்.

"அப்ப நான் செஞ்சது தப்பா?"

கிளினிக்கில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

"இல்லக்கா" என்றேன். "பாசியில விழுந்திருந்தா அதுவும் பெரிய ஆபத்து. நீங்க பயந்துதானே செஞ்சீங்க."

உண்மையைச் சொல்கிறேனா என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. பிறகு என் கையை விட்டார். லுணுகலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன்.